பெயிண்ட் டப்பாவைத் திறக்கும் முன்

பழைய அம்பாசிடர் ஒன்றை வாங்கி, எஞ்சினை இறக்கி, பிளாக்கைத் தனியாகப் பிரித்து வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வது என்று நிற்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். நான் மனத்தில் வைத்துப் பேசுவது 1489 சிசி பெட்ரோல் எஞ்சினை. பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி-சீரிஸ் குடும்பம் அது. அதன் முன்னோடி 1947-இல் ஆஸ்டின் ஏ40 காரில் 1200 சிசியாக வந்தது. எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் காரில் ஓடியதும், நம் ஊரில் கலெக்டர் காரிலும் கல்யாணக் காரிலும் ஓடியதும் இந்த 1489 தான். பிளாக்கும் வார்ப்பிரும்பு, ஹெட்டும் வார்ப்பிரும்பு. உன்னிடம் இருப்பது ஃபியட் 1100 என்றால் அதன் ஹெட் அலுமினியம். அங்கே கவனம் வேறு. இடம் வரும்போது சொல்கிறேன்.

1. பெயிண்ட் கடைசி வேலை. பிளாக்கைக் கழுவ வேண்டும், கிராக் பார்க்க வேண்டும், சிலிண்டரை அளக்க வேண்டும், ரீபோரோ ஸ்லீவோ லேத்தில் முடிக்க வேண்டும், மேல்முகத்தைச் சமன் செய்ய வேண்டும், மறுபடி கழுவ வேண்டும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் நிறம். அவசரப்பட்டு முதலிலேயே அடித்தால் லேத்காரர் பிடிக்கும் கிளாம்பில் பாதி போகும், கழுவும் தொட்டியில் மீதி போகும்.

இதைவிடப் பெரிய காரணம் கிராக். நம் ஊரில் தண்ணீர் உறைந்து பிளாக் வெடிப்பதில்லை. சூடேறி நின்ற வண்டியின் ரேடியேட்டரில் பச்சைத் தண்ணீரை அப்படியே ஊற்றுவதால்தான் வெடிக்கிறது. ஹெட் போல்ட் ஓட்டைக்கும் தண்ணீர் ஓட்டைக்கும் நடுவில், சிலிண்டர் சுவரின் மேல் விளிம்பில், ஹெட்டில் இரண்டு வால்வு சீட்டுகளுக்கு இடையில் மயிரிழைபோல் ஓடும். கழுவிய பிளாக்கில் சிவப்புச் சாயத்தை அடித்து, துடைத்துவிட்டு, வெள்ளைப் பொடியைத் தெளித்தால் இழை சிவப்பாகக் கசிந்து தெரியும். பெரிய எஞ்சின் பட்டறைகளில் காந்தம் வைத்து இரும்புத் தூள் தூவிப் பார்ப்பார்கள். எதுவானாலும் செய். பெயிண்ட் ஏறிய பிளாக்கில் அந்த இழை யார் கண்ணிலும் படாது. அப்படி மூடிய எஞ்சினை வாங்கி, ஊட்டி மலை ஏறும்போது அது தண்ணீரைக் குடித்து நின்றுவிட, வழியில் தவிக்கும் குடும்பத்தை நினைத்துப் பார். சரிபார்க்காத பிளாக்குக்குப் பளபளவென்று நிறம் கொடுப்பது ஏமாற்று வேலை என்றே நான் நினைக்கிறேன்.

2. எஞ்சின் நம்பர் மேல் கை வைக்காதே. கழுவும் முன்பே அதைப் படம் எடு. மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தும் ஒரு பதிவு எடுத்துக்கொள். ஆர்.சி. புத்தகத்தில் இருப்பதோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார். எண் தகட்டில் இருந்தால் ரிவெட்டைப் பெயர்க்க வேண்டாம், டேப் ஒட்டி மறை. இரும்பிலேயே குத்தியிருந்தால் அங்கே கிரைண்டர் போகவே கூடாது; மெல்லிய ஒரு கோட் போதும், எண் படிக்கத் தெரிய வேண்டும். 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 வயது தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று வி.ஏ. வரிசை எண்ணில் பதியலாம். சேசிஸிலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது என்பது அந்த விதியின் நிபந்தனை. அழிந்துபோன எண்ணை வைத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் என்ன விளக்கம் சொன்னாலும் எடுபடாது. வார்ப்பிலேயே புடைத்து நிற்கும் எழுத்துகளும் எண்களும் அந்த பிளாக்கின் ஜாதகம். அவற்றையும் விட்டுவை.

3. பத்தில் எட்டுப் பங்கு வேலை கழுவுவதில் இருக்கிறது. இதில் பொறுமை இல்லையென்றால் பெயிண்டுக்குச் செலவழிக்க வேண்டாம்.

முதலில் எல்லாவற்றையும் கழற்று. தண்ணீர் அறையை மூடும் வட்டத் தகடுகள், அதாவது வெல்ஷ் பிளக்குகள், பழையவை எல்லாம் வெளியே வரட்டும். ஆயில் வழியின் இரு முனையிலும் உள்ள திருகு அடைப்புகளையும் எடு. கேம் புஷ்களையும் லேத்காரரிடம் சொல்லி எடுத்துவிடு; அவற்றின் வெள்ளை உலோகத்தைக் காஸ்டிக் தின்றுவிடும். வெல்ஷ் பிளக் வந்ததும் உள்ளே பார்: செம்மண் சேறுபோல் துருப்படிவம் கட்டியாக இருக்கும், கடைசி சிலிண்டரைச் சுற்றி அதிகம். பக்கவாட்டில் உள்ள தண்ணீர் வடிகுழாயைத் திறந்தும் ஒரு சொட்டு வரவில்லை என்றால் அதற்குப் பின்னால் சேறு இறுகியிருக்கிறது. கம்பியை வளைத்துக் குத்திக் குத்தி வெளியே எடு. இந்த எஞ்சின்கள் கோடையில் சூடேறுவதற்கு ரேடியேட்டரைத் திட்டுவோம். பாதி நேரம் குற்றவாளி இந்தச் சேறுதான்.

வெளிப்புற மசகு, தூசி, பழைய ஆயில் கட்டி எல்லாவற்றையும் இரும்புச் சுரண்டியால் வழித்துவிட்டு மண்ணெண்ணெயில் அல்லது டீசலில் ஊறவைத்துத் தேய். பெட்ரோல் வேண்டவே வேண்டாம்; அதன் ஆவி தரையோடு தவழ்ந்துபோய் எங்கோ இருக்கும் ஸ்விட்ச் பொறியில் பற்றிக்கொள்ளும். பிறகு சூடான காஸ்டிக் சோடா தொட்டி. இது வார்ப்பிரும்புக்கு மட்டும். ஃபியட் ஹெட்டையோ வேறு எந்த அலுமினியச் சாமானையோ அதில் போட்டால் நுரைத்துக் கரையும், எரியக்கூடிய வாயுவும் கிளம்பும். கரைசல் தயாரிக்கும்போது தண்ணீரில்தான் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். கண்ணாடியும் ரப்பர் கையுறையும் இல்லாமல் அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில்கூடப் போகாதே.

தொட்டியிலிருந்து வந்ததும் சோப்புப் போட்டு வெந்நீரில் கழுவு. ஆயில் வழிகளில் நீளப் பிரஷ் விட்டுத் தேய். கம்ப்ரசர் காற்றை ஒரு முனையில் விட்டு மறு முனையில் வெள்ளைத் துணி பிடி. ஹோனிங் செய்த சிலிண்டர் சுவரை மண்ணெண்ணெயால் துடைத்தால் தூள் குழிகளுக்குள் தங்கிவிடும். சோப்பும் வெந்நீரும் நைலான் பிரஷும்தான் அதை வெளியே கொண்டுவரும். சுத்தமான வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தால் சாம்பல் நிறம் வரக் கூடாது. வந்தால் மறுபடி கழுவு.

4. மணல் அடிக்கச் சொல்லாதே. துருவும் பழைய பெயிண்டும் ஒரே மணி நேரத்தில் போய்விடும் என்று சொல்வார்கள், உண்மைதான். ஆனால் ஆயில் வழியின் ஒரு மூலையில் தங்கிய நாலு மணல் துகள் போதும், புதுப் பேரிங்கையும் கிராங்கையும் கோடு கோடாகக் கீறிவிடும். வெளிப்புறத்தைக் கம்பி பிரஷால் தேய்த்து, பெயிண்ட் ரிமூவர் தடவி எடு. எட்டாத மூலைகளுக்குச் சிறிய பிரஷை டிரில்லில் மாட்டு. உலர்ந்த நிலையில் சுரண்டாதே, ஈரமாக்கிக்கொண்டு சுரண்டு. அந்தக் காலத்து பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு, அதன் தூசி வீட்டுக் குழந்தைகள் வரை போய்ச் சேரும்.

5. கழுவிய வார்ப்பிரும்பு நிமிடங்களில் துருப்பிடிக்கும். சென்னை, நாகை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் கண் எதிரிலேயே ஆரஞ்சாகும். ஆகவே கழுவத் தொடங்கும் முன்பே காற்று, துணி, ஆயில் எல்லாம் பக்கத்தில் இருக்கட்டும். தண்ணீரைக் காற்றால் ஊதித் தள்ளியதும் சிலிண்டர், பேரிங் முகங்கள், மேல்முகம் ஆகியவற்றில் மட்டும் மெல்லிய ஆயில் தடவு. வெளிப்புறத்தில் ஆயில் படவே கூடாது. ஸ்ப்ரே டப்பாவில் வரும் துரு நீக்கிகளையும் அன்று பட்டறையில் எடுக்காதே. அவற்றில் சிலிக்கான் இருந்தால், பெயிண்ட் விழுந்த இடத்தில் மீன் கண்போல் வட்ட வட்டமாக விலகி நிற்கும். மேலே எத்தனை கோட் அடித்தாலும் அது மூடாது.

6. இரும்பு வியர்க்கும். வார்ப்பிரும்பு முழுக்கக் கிராஃபைட் இழைகளும் நுண்ணிய துளைகளும் உள்ள உலோகம். பல பத்தாண்டு ஆயில் அதற்குள் ஊறியிருக்கிறது. கழுவிய மறுநாள் பிளாக்கை வெயிலில் வை. கை பொறுக்காத அளவு சூடாகட்டும். ஆயில் பொட்டுப் பொட்டாக வெளியே வரும். தின்னர் தோய்த்த துணியால் துடை, மறுபடி சூடாக்கு, மறுபடி துடை. துணி கறுப்பாகாமல் வரும்வரை இதுதான் வேலை. புதிதாக அடித்த பெயிண்ட் ஓட்டிய சில மாதங்களில் தோல்போல் உரிந்து வருவதற்கு நான் பார்த்தவரை முதல் காரணம், இந்தக் கட்டத்தைத் தாண்டிக் குதிப்பதுதான். கடைசித் துடைப்புக்கு பனியன் வேஸ்ட் வேண்டாம். அதன் பஞ்சு இழைகள் வார்ப்பின் சொரசொரப்பில் சிக்கி, பெயிண்டுக்குள் மயிர்போல் நிற்கும். பலமுறை துவைத்த வெள்ளை வேட்டித் துணி நல்லது.

7. பட்டி வைக்காதே. பாடிக்கு டிங்கரிங் செய்து பட்டி இழைத்துப் பழகிய கை, பிளாக்கையும் வழவழப்பாக்கப் பார்க்கும். சூட்டிலும் ஆயிலிலும் பட்டி வெடித்து விழும். வார்ப்பு அச்சின் இணைப்பில் கூர்மையாக நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பு கையைக் கிழிக்கும் என்றால் அரத்தால் லேசாக எடு, அதோடு நிறுத்து. பிளாக் சொரசொரப்பாக இருப்பதுதான் அதன் அழகு. தொழிற்சாலையிலிருந்து அப்படித்தான் வந்தது.

8. மறைப்பதற்குச் செலவிடும் நேரத்தை வீண் என்று எண்ணாதே. ஹெட் உட்காரும் மேல்முகம், சம்ப் உட்காரும் கீழ்முகம், பேரிங் இருக்கைகள், சிலிண்டர், டேப்பட் குழிகள், டைமிங் கவர் முகம், எல்லா மரைகளும் பெயிண்டிலிருந்து தப்ப வேண்டும். பழைய கேஸ்கட்டைத் தூக்கிப் போடாதே. மேல்முகத்துக்கு அதைவிடப் பொருத்தமான மூடி கிடைக்காது. அதையே போல்ட்டால் பிடித்துவிடு. மற்ற முகங்களில் மாஸ்கிங் டேப்பை அகலமாக ஒட்டி, சின்னச் சுத்தியலால் விளிம்பைச் சுற்றி மெல்லத் தட்டினால் டேப் தானே விளிம்போடு அறுபடும். கத்தி வைத்து அறுக்கப் போனால் முகத்தில் கீறல் விழும். மரைகளில் பழைய போல்ட்டுகளைத் திருகி வை. அதற்கு முன் எல்லா மரைகளிலும் மரை வெட்டும் டேப் கருவியை விட்டுச் சுத்தம் செய்திருக்க வேண்டும். புது வெல்ஷ் பிளக்குகளை இப்போதே அடித்துப் பொருத்திவிட்டால் நிறம் அவற்றின் மேலும் சேர்ந்து விழும், தண்ணீர் அறைக்குள்ளும் போகாது.

சம்ப், டைமிங் கவர், ஹெட் எல்லாம் பூட்டி முடித்த பிறகு ஒரேயடியாக அடிப்பது இன்னொரு வழி. தொழிற்சாலைகள் பெரும்பாலும் அப்படித்தான் செய்தன. போல்ட் தலையும் கேஸ்கட் ஓரமும் அதே நிறத்தில் இருப்பதைப் பழைய எஞ்சின்களில் பார்க்கலாம். ஓட்டைகள் தாமாகவே மூடியிருக்கும் என்பது அதன் வசதி. பூட்டும்போது பட்ட ஆயில் விரல்தடம் எல்லாவற்றையும் மறுபடி துடைக்க வேண்டியிருப்பது சிரமம். முதல் எஞ்சினைச் செய்கிறவன் வெறும் பிளாக்குக்கு அடித்துவிட்டு, பூட்டிய பிறகு போல்ட் தலைகளைச் சிறிய பிரஷால் தொட்டுவிடட்டும்.

9. உட்புறத்துக்கு நிறம் வேண்டாம். வெளிநாட்டு ரேஸ் மெக்கானிக்குகள் டேப்பட் அறைக்குள் கிளிப்டால் என்ற சிவப்பு வார்னிஷ் பூசுவது உண்டு. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் மின் மோட்டார் சுருள்களுக்காகக் கொண்டுவந்த பூச்சு அது. படங்களில் பார்த்துவிட்டு ஆசைப்படுவாய். உட்புறச் சுவரில் ஒரு பொட்டு ஆயில் மிச்சமிருந்தாலும் அது செதில் செதிலாகப் பெயர்ந்து, சம்ப்பில் ஆயில் பம்ப்பின் வலையை அடைக்கும். வீட்டுக்குப் போய்வரும் அம்பாசிடருக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை.

10. நிறம் எது என்பதைப் பழைய பிளாக்கிடமே கேள். ஒரே நிறுவனத்து எஞ்சின்களுக்குக்கூட வண்டிக்கு வண்டி நிறம் மாறியிருக்கிறது: மாரிஸ் மைனரில் பச்சை, எம்ஜிஏயில் கருஞ்சிவப்பு. அமெரிக்காவில் ஷெவர்லே வி-8 என்றாலே ஆரஞ்சு. ஃபோர்டு 1966 முதல் நீலத்துக்கு மாறியது. ஆகவே பொதுவாக யாரோ சொன்னதை நம்பி வாங்காதே. வாட்டர் பம்ப்பின் பின்புறம், டைனமோ பிராக்கெட்டின் அடி, எஞ்சின் மவுண்டிங்கின் கீழ் ஆகிய இடங்களில் வெயிலும் ஆயிலும் எட்டாமல் முதல் நிறம் ஒளிந்திருக்கும். கழுவும் முன்பே உப்புத்தாளால் அந்த இடத்தை நீரோடு மெல்ல இழைத்தால் அடுக்கடுக்காகத் தெரியும். இரும்பை ஒட்டிய அடுக்குதான் பிறவி நிறம். அந்தச் சில்லை எடுத்துப்போய்ப் பெயிண்ட் கடையில் கலக்கச் சொல். உன் சொந்த வண்டிக்கு வேறு நிறம் பிடிக்கிறது என்றால் அடி, யாரும் தடுக்க முடியாது. ஆனால் பிறவி நிறத்தை நோட்டில் எழுதி வை.

11. பெயிண்டை விளம்பரத்தில் இருக்கும் டிகிரியைப் பார்த்து வாங்காதே. தண்ணீர் சுற்றும் பிளாக்கின் வெளிப்புறம் சாதாரண ஓட்டத்தில் ஏறத்தாழ 80 முதல் 110 டிகிரி செல்சியஸ்தான். 600 டிகிரி தாங்கும் சைலன்சர் பெயிண்ட் இதற்குத் தேவையில்லை. அது நன்றாகச் சூடேறி வெந்தால்தான் இறுகும். பிளாக்கின் சூட்டில் முழுதாக இறுகாமல், பெட்ரோல் பட்டதும் கரைந்து வழியும். பிளாக்குக்கு வேண்டியது ஆயில், பெட்ரோல், கூலன்ட் மூன்றையும் தாங்கும் சக்தி. என்.சி. பெயிண்ட் பெட்ரோலிலும் தின்னரிலும் கெடும், அது ஆகாது.

எனக்குப் பிடித்தது மெல்லிய எபாக்ஸி பிரைமர், அதன் மேல் எஞ்சின் எனாமல். அது கிடைக்காவிட்டால் நல்ல சிந்தடிக் எனாமலே போதும், வெளிர் நிறமாக இல்லாமல் பார்த்துக்கொள். கம்ப்ரசரும் கன்னும் இல்லையே என்று கவலைப்படாதே. சொரசொரப்பான வார்ப்பில் நல்ல பிரஷால் மெல்லப் பூசிய எனாமல் அருமையாகப் பிடிக்கும். டூ-பேக் பி.யு. பெயிண்ட் எல்லாவற்றையும்விட உறுதி. ஆனால் அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, மூச்சுக் குழாயை நிரந்தரமாகக் கெடுக்கும், ஆஸ்துமா கொண்டுவரும். மூக்கில் கைக்குட்டை கட்டினால் அதைத் தடுக்க முடியாது. வெளிக்காற்றைக் குழாய் வழியாகத் தரும் முகமூடி இல்லாத பட்டறையில் அதை அடிக்காதே. கூலிக்கு அடிக்கும் பையனையும் அடிக்க விடாதே.

12. நாள் பார்த்து அடி. ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றின் ஈரம் பெயிண்டுக்குள் புகுந்து வெளுத்துப் போகும். ஆடிக் காற்றில் புழுதி. தை, மாசி மாதங்களில் காலை வெயில் ஏறிய பின், நிழலில் அடிப்பது நல்லது. பிளாக் வெதுவெதுப்பாக இருக்கலாம், சுடக் கூடாது. சுட்டால் தின்னர் பறந்து, பரப்பு ஆரஞ்சுத் தோலாகும். முதலில் குழிகள், மூலைகள், ரிப்களின் அடி. அதன் பிறகு திறந்த முகங்கள். முதல் கோட் பனி படிந்ததுபோல் மெல்லியதாக, இரும்பு கொஞ்சம் தெரியும்படி இருக்கட்டும். மொத்தம் இரண்டு, மூன்று மெல்லிய கோட் போதும். தடித்த பெயிண்ட் போல்ட் இறுகும் இடங்களில் உடையும். டப்பாவில் அடுத்த கோட்டுக்கான நேரம் எழுதியிருக்கும். சில எனாமல்களில் ஒரு மணி நேரத்துக்குள் அடிக்க வேண்டும், தவறினால் சில நாள் கழித்துத்தான். நடுவில் அடித்தால் சுருங்கிக்கொள்ளும். அந்த வரியைப் படிக்காமல் மூடியைத் திறக்காதே.

13. எர்த் ஒயர் பிடிக்கும் இடத்தில் பளிச்சென்று இரும்பு தெரிய வேண்டும். ஸ்டார்ட்டர் உட்காரும் முகமும் அப்படியே. ஒற்றை ஒயர் உள்ள டெம்பரேச்சர் சென்சார் தன் மரை வழியாகத்தான் எர்த் எடுக்கிறது. மரையில் பெயிண்ட் இருந்தால் மீட்டர் பொய் சொல்லும்.

14. மேனிஃபோல்ட் பக்கத்துக்குத் தனிக் கவனம் கொடு. இந்த எஞ்சினில் கார்புரேட்டரும் எக்ஸாஸ்ட்டும் ஒரே பக்கத்தில். அவற்றுக்குப் பின்னால் பிளாக்கின் பக்கத்தில் டேப்பட் அறைத் தகட்டு மூடிகள் இருக்கின்றன. அவற்றின் கேஸ்கட் கசிந்தால் ஆயில் வழிந்து, எக்ஸாஸ்ட் சூட்டில் கருகி, அந்தப் பக்க பெயிண்டையே கறுப்பாக்கும். மூடிகள் வளைந்திருந்தால் தட்டிச் சமன் செய். புது கேஸ்கட்டோடு பூட்டு. போல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கினால் தகடு மறுபடி வளையும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட்டுக்கு மட்டும் அந்த 600 டிகிரி பெயிண்டைப் பயன்படுத்து. அது பல நூறு டிகிரி போகும் சாமான். பிளாக் எனாமல் அங்கே முதல் நாளே எரிந்து புகையாகும்.

15. காய விடு. தொட்டால் ஒட்டவில்லை என்பதற்கும் முழுதாக இறுகியது என்பதற்கும் நடுவில் ஒரு வாரம் இருக்கிறது. அதுவரை செயின் போட்டுத் தூக்காதே, பெட்ரோல் துணியால் துடைக்காதே. ஓட்டிய முதல் நாள் லேசான வாடையும் புகையும் வரும், பயப்படாதே.

ஓட ஆரம்பித்த பிறகு வாரம் ஒருமுறை விளக்கு வைத்துப் பார். சுத்தமான நிறத்தின் மேல் ஆயில் கோடு ஒன்று விழுந்தால் அது எங்கிருந்து புறப்படுகிறது என்று நேராகச் சொல்லிவிடலாம். வெல்ஷ் பிளக்கின் ஓரத்தில் துருக்கறை எட்டிப் பார்த்தால் தண்ணீர் கசிகிறது. பெயிண்ட் அடித்ததன் பெரிய பயன் இதுதான். கசிவு சிறிதாக இருக்கும்போதே பிடித்துவிடலாம்.

16. எழுதி வை. சிலிண்டர் எந்த ஓவர்சைஸ், கிராங்க் எந்த அண்டர்சைஸ், கிராக் சோதனையில் என்ன தெரிந்தது, பிறவி நிறம் எது, நீ அடித்தது எது, பிரைமர் எது என்று ஒரு நோட்டில் தேதியோடு எழுது. கழுவும் முன் எடுத்த படங்களையும் அதோடு சேர். அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. இனி புது பிளாக் வரப்போவதில்லை. உனக்குப் பிறகு இதைத் திறக்கப்போகிறவருக்கு அந்த நோட்டு வேண்டும். வண்டியை விற்கும் நாளில் சாவியோடு சேர்த்து அதையும் கொடுத்துவிடு.